ரெண்டு நூல் சீவிய ரிங்

கண்ணு,

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. காலையில்தான் என் கையால் தோசை தின்றுவிட்டு, சட்னியில் உப்புப் பத்தவில்லை என்றும் சொல்லிவிட்டு, சிநேகிதர்களுக்குப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பினாய். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குத் தாய் கடிதம் எழுதுகிறாள் என்றால் அந்த வீட்டில் என்னவோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். நேரில் பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் போதும், "அவருகிட்டச் சொல்லீருங்கம்மா" என்று ஒரு சேதியை என் தலையில் ஏற்றி அனுப்புகிறாய். அந்தப் பக்கம் போனால் உன் அப்பா, "அவன்கிட்டச் சொல்லீரு" என்று இன்னொன்றை ஏற்றுகிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் உறை போட்டு மூலையில் வைப்பார்கள். எனக்கு அதுவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவே நீ குறுக்கே பேச முடியாது. இதை மடித்து ஒளித்து வைக்கப் போவதும் இல்லை. சாப்பாட்டு மேசையில் விரித்தபடியே வைப்பேன். யார் படித்தாலும் எனக்குச் சரி.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். கருமத்தம்பட்டியில் பெண் வீட்டார் தறியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகப் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் உன் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? "மண்டபத்துக்கு வாரேன். வாசல்ல நின்னு கும்புட மாட்டேன். நின்னா நாலு பேரு அந்த ரிங்குக் கதையக் கேப்பாங்க." மகன் கல்யாணத்துக்கு வருகிறவர்களை அப்பன் வாசலில் நின்று வரவேற்காவிட்டால் நம் சனம் என்ன பேசும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ உன் பங்குக்கு, கல்யாணம் முடிந்த கையோடு ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போகிறேன் என்கிறாய். தனிக்குடித்தனம் போவது குற்றமில்லை. கோபித்துக்கொண்டு போவதுதான் குற்றம். இத்தனைக்கும் காரணம் சொத்தா, பங்காளித் தகராறா? ஒரு கார்க் கதவில் இருக்கிற ஸ்பீக்கர். என் தங்கை போனில் கேட்டபோது அவளிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிடுவாள். எனக்கு அழுகை வந்துவிடும்.

அந்தக் காரை நீ கொண்டுவந்து நிறுத்தியபோதே எனக்குப் பிடிக்கவில்லை. குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவர் ஆசைக்கு வைத்திருந்து அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட வண்டி. சிவப்பு நிறம், மேலே துணிக்கூரை. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும், எழுந்திருக்க ஒருத்தர் கை கொடுக்க வேண்டும். "பின்னால சீட்டு எங்கடா?" என்று கேட்டேன். "இது ஸ்போர்ட்ஸ் காரும்மா, ரெண்டே சீட்டுத்தானுங்க" என்று பெருமையாகச் சொன்னாய். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு சீட்டுக் கார் வாங்கியவனை என்ன சொல்வது? உன் அப்பாவுக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. அவர் வெளியே திட்டினார், ஆனால் நீ இல்லாதபோது பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே நிற்பார். நீ சம்பளத்துக்குப் போகிற கம்பெனியைப் பற்றி அவருக்கு ஒன்றும் புரியாது. அந்தக் கார்தான் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசுவதற்குக் கிடைத்த ஒரே சங்கதி. அதையும் கெடுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

கதவுக்குள் கார்க் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய ஸ்பீக்கர், காப்பி சாஸர் அளவுதான் இருந்தது. மழைத்தண்ணீர் இறங்கி அதன் நடுவில் அதிர்கிற காகிதம் நைந்துபோய், பாட்டுப் போட்டால் தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி கேட்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த உன் சிநேகிதன் பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அது கதவில் இருந்த ஓட்டைக்குள் போகவில்லை. நீ தகரத்தை வெட்டக் கோடு போட்டாய். சிநேகிதன், பலகையில் வளையம் அறுத்து அதன்மேல் மாட்டினால் வேலை முடிந்தது என்றான். அங்கேதான் உன் அப்பா வந்து சேர்ந்தார். "தகரத்த வெட்டுனா அப்பறம் அது கதவாடா? பலகை மழையில ஊறிப்போயிரும். நம்ம பம்புப் பட்டறையில போடாத ரிங்கா?" கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எதைக் காட்டினாலும் லேத்தில் கடைந்துவிடலாம் என்பார்கள். விட்டால் இட்லியையும் கடைவார்கள்.

அலுமினியத்தில் வார்த்து, லேத்தில் ஏற்றி, துளை போட்டு, பம்பு செட்டுக்குக் குழாயை இணைக்கிற ஃப்ளேஞ்ச் போடுகிற கனத்துக்கு அவர் இரண்டு ரிங் செய்தார். செய்து முடித்து, சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கிற இடத்தில் வைத்து, பால்காரர் முதற்கொண்டு வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். நீயும்தான் அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தாய். "ஒரு பிசிறு இல்லைங்கப்பா" என்றாய். அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். உன் டிகிரிச் சான்றிதழைப் பார்த்தபோதுகூட அப்படி இருக்கவில்லை.

மாட்டிய நாள் நானும் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பாட்டு நன்றாகத்தான் வந்தது. உன் அப்பாவுக்குத்தான் தும் தும் என்று இன்னும் கொஞ்சம் அடிச்சத்தம் வேண்டும் என்று பட்டது. "வயர மாத்திக் குடுத்துப் பாரு" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். பம்பில் தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, இரண்டு வயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். வாழ்நாள் முழுக்க அதைச் செய்த கை. நீயும் எதிர்த்துப் பேசாமல் வலது கதவில் வயரை மாற்றினாய். இடது கதவைத் தொடுவதற்குள் உன் அத்தை வீட்டுச் சனம் ஒறம்பரையாக, விருந்துக்கு வந்து வாசலில் இறங்கிவிட்டார்கள். எல்லோரும் எழுந்து உள்ளே வந்துவிட்டோம். அதோடு அதை மறந்தும்போனோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

அடுத்த நாள்தான் வேறொரு கூத்து தெரிந்தது. ரிங்கின் கனத்தால் ஸ்பீக்கர் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணாடியை இறக்குகிற கைப்பிடி அதில் போய் இடித்தது. அரைச் சுற்றுக்கு மேல் சுற்ற முடியவில்லை. "ரெண்டு நூல் கம்மி பண்ணிக் குடுங்கப்பா" என்று நீ கேட்டாய். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம், அவ்வளவுதான். அவர், "கனம் கொறஞ்சா அதிரும். காத்து வர்றதுக்கு அரைக் கண்ணாடி போதாதா?" என்றார். பிறகு, "சரி, பாக்கலாம்" என்றார். உன் அப்பா பாக்கலாம் என்றால் செய்வார். ஆனால் அவர் மனசு அதற்கு இறங்கிவர நாளாகும். உனக்கு அந்தப் பொறுமை இல்லை. ரிங்கைக் கழற்றிச் சிங்காநல்லூரில் உன் பெரியப்பா லேத்துக்குக் கொண்டுபோய், அங்கே இரண்டு நூல் சீவிக்கொண்டு வந்து மாட்டிவிட்டாய். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண்ணு, பொருளில் குறை இருந்தால் செய்தவனிடமே கொண்டுபோக வேண்டும். அவன் கத்தினாலும், நாளை வா என்று இழுத்தடித்தாலும் அவனிடம்தான் போக வேண்டும். லேத் வேலை செய்கிறவனுக்கு, தான் கடைந்த சாமானை இன்னொருத்தன் லேத்தில் ஏற்றிச் சீவினார்கள் என்பது, பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது இலையை இழுத்துக்கொண்ட மாதிரி. அதிலும் உன் பெரியப்பாவிடம்! தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் யார் கை சுத்தம் என்று போட்டி போடுகிறவர்கள். ஊரில் இத்தனை பட்டறை இருக்க, உனக்கு அந்தப் பட்டறைதான் கிடைத்ததா?

அது வெளியே வந்த இடமும் நல்ல இடம். கருமத்தம்பட்டியில் உப்புச் சர்க்கரை மாற்றி, நிச்சயம் முடிந்து, எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பா பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "ஏனுங் சம்பந்தி, நம்ம தம்பி பம்பு வேலையில புலிதானுங்க. ஆனா கார் வேலைன்னா பையன் நம்மகிட்டத்தான் வருவான். தம்பி போட்ட ரிங்கயே ரெண்டு நூல் சீவிக் குடுத்தமல்ல!" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கையிலிருந்த காப்பியை வாயில் வைக்காமலேயே கீழே வைத்துவிட்டார். நீ அதைப் பார்க்கவில்லை. நீ பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மேல் தப்பில்லை, அன்றைக்கு நீ அங்கேதான் பார்க்க வேண்டும். ஆனால் நான் இவரைப் பார்த்துவிட்டேன்.

திரும்பும்போது நாங்கள் உறவுக்காரர்களோடு வேனில் வந்தோம். நீ உன் காரில் தனியாக வந்தாய். வழியில் பிடித்தது மழை. ரிங்கைச் சீவியதால் ஸ்பீக்கர் உள்ளே தள்ளிப்போய், முழுசாக இறக்கிய கண்ணாடி அதன் காந்தத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. ஏறவே இல்லை. பட்டுச் சட்டையோடு தொப்பலாக நனைந்து வந்து இறங்கினாய். அப்பா துண்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். துண்டை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ரெண்டு நூலு" என்றார். நீ துண்டை வாங்கவில்லை. "இனிமே உங்க பட்டறைச் சாமான் ஒண்ணும் எனக்கு வேண்டாமுங்க" என்றாய். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, 'ங்க' போட்டுத்தான் சொன்னாய். அந்தப் பட்டறைச் சாமானில்தான் உனக்குப் பால் வாங்கினோம், புஸ்தகம் வாங்கினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். துண்டை மட்டும் வாங்கிக் கொடியில் போட்டேன். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லை.

உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். வேறெங்கிருந்தும் இல்லை, உன் அப்பாவிடமிருந்துதான். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது நான்தான். இன்றைக்கும் என் கை வைண்டிங்குக்கு ஈடாக நம் பட்டறையில் ஆள் இல்லை, தற்பெருமை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள். அப்போது நான் சுற்றிய மோட்டார் ஒன்று சூடாகிறது என்று உன் அப்பா என்னிடம் சொல்லாமல் வெளியே கொடுத்து வேறு காயில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது, அவருக்குச் சோறு போட்டேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தூது அனுப்பவில்லை. ஒருநாள் இன்னொரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இதுவும் சூடாகுது. எங்க தப்புன்னு நீயே பாரு, அம்மிணி" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லே கிடையாது. நான் பார்த்தேன், தப்பைக் கண்டுபிடித்தேன், அதோடு தீர்ந்தது. அவர் தப்பு செய்யாத மனிதர் என்று நான் சொல்லவில்லை. தப்பைச் சரி செய்ய அவருக்கு ஒரு வழி தெரியும், அந்த வழி உனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நான் நடுவில் நின்று செய்ததையும் கேள். அவர், "அந்த வீணாப்போனவன் எங்க போயிட்டு வாரானாம்?" என்று கேட்பார். நான் உன்னிடம் வந்து, "அப்பா உன்னத் தேடுனாருடா" என்பேன். நீ, "அவருக்கு எதுக்கு அந்தக் கணக்கெல்லாம்?" என்பாய். நான் அவரிடம் போய், "ஆபீசுல வேலை எச்சாமுங்க, அசந்து போயி வந்திருக்கிறான்" என்பேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இரண்டு பேர் கோபத்தையும் நானே சலித்துச் சலித்துக் கொடுத்ததில், ஒருத்தர் மனசு இன்னொருத்தருக்குத் தெரியாமலேயே போயிற்று. எனக்கு அலுத்துவிட்டது. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நாளைக்கு உன் காரில் அந்த இரண்டாவது சீட்டில் உட்காரப் போகிறவள் ஒருத்தி வருகிறாள். "உங்கத்தைகிட்டச் சொல்லீரு, உங்க மாமாகிட்டச் சொல்லீரு" என்று அவளையும் இந்த வேலைக்கு வைத்துவிடாதே. அவள் உனக்குப் பெண்டாட்டியாக வருகிறாள், தபால்காரியாக இல்லை.

இனி ஸ்பீக்கருக்கு வருகிறேன். இத்தனை சண்டை போட்டும் அதில் பாட்டாவது உருப்படியாகக் கேட்டதா என்றால் அதுவும் இல்லை. ஒருநாள் உன் அப்பா யாரும் இல்லை என்று நினைத்துக் காருக்குள் காலை மடக்கி உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "வலது கதவத் தொறந்து விட்டா நல்லாக் கேக்குது. சாத்துனாச் செத்துப்போவுது. அவன் ரிங்கச் சீவுனதுதான் காரணம்" என்றார். அதற்கு முன்னால் நீ சொன்னாய்: "பேலன்ஸ் குமிழ ஒரு பக்கமாத் திருப்பி ஒரு கதவுல மட்டும் பாட வச்சாத் தேவலைங்கம்மா. ரெண்டும் சேந்தாத்தான் கெட்டுப்போவுது. எல்லாம் அந்த ரிங்குதானுங்க." அவர் சொன்னது உனக்குத் தெரியாது. நீ சொன்னது அவருக்குத் தெரியாது. இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான். தனித்தனியே இரண்டும் நல்லது, சேர்ந்தால் கெட்டுப்போகிறது என்றால் ரிங்கில் என்ன தப்பு இருக்க முடியும்? காயில் சுற்றுகிறவளுக்கு அது உடனே பிடிபடும். எனக்கு அன்றைக்கு ஒறம்பரை வந்து இறங்கியது ஞாபகம் வந்தது.

நேற்று மத்தியானம் நீங்கள் இரண்டு பேரும் இல்லாதபோது காரைத் திறந்தேன். டேப் ரெக்கார்டருக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயரை உருவி டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். இடது கதவில் காகிதம் முன்னால் எழும்பியது. அதே மாதிரி வலது கதவுக்குத் தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டது. வலது பக்கம் மாற்றிய வயர் அப்படியே இருக்கிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் சத்தம் எங்கே மிஞ்சும்? மாற்றச் சொன்னது அவர். மாற்றியது நீ. நனைந்தபோதும், சபையில் எல்லோரும் சிரித்தபோதும், வாசலில் சண்டை போட்டபோதும் அந்த வயர் அப்படியேதான் இருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் காரையே உதைத்தேன். கால்தான் வலித்தது.

கேள், முக்கியமானது இனிமேல்தான். அந்தப் பேட்டரியைத் தேடி உன் அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தபோது, அதில் பழைய துணியில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தேன். பம்புக்கு அடியில் வைக்கிற ரப்பர் பேக்கிங், இரண்டு. வட்டமாக, நாலு போல்ட் துளையோடு, உன் ரிங்குக்கு அடியில் வைக்கிற அளவுக்குக் கச்சிதமாக வெட்டியிருந்தார். கனத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல். நீ சீவியதில் சரிபாதி. அதை வைத்து மாட்டினால் கைப்பிடியும் இடிக்காது, கண்ணாடியும் சிக்காது. முதலிலேயே ஒரு நூல் சீவியிருந்தால் போதும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. எப்போது வெட்டினார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. எல்லாச் சேதியையும் என் தலையில் ஏற்றிய மனிதர் இதை மட்டும் ஏற்றவில்லை.

நான் வயரை மாற்றவில்லை. பேக்கிங்கையும் துணியில் சுற்றி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கொண்டுவந்து உன் கையில் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொடுக்க மாட்டேன். நீ போய், "அப்பா, அந்த ரிங்குக்கு ஒரு பேக்கிங் வேணுமுங்க" என்று கேட்க வேண்டும். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது, உனக்கு அது வராது. கேட்டால் அவர், "எந்த ரிங்குக்கு?" என்று கேட்பார், தெரியாத மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல். பிறகு அவரைக் காருக்குள் உட்கார வைத்து, வலது கதவு வயரை நீ மாற்று. இரண்டே சீட்டுதானே, இரண்டு பேரும் உட்காருங்கள். பாட்டு எப்படிக் கேட்கிறது என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம், நான் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பட்டறைக்கு லீவு. ஆட்கள் யாரும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாலும் கேட்காமல் அவர் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். லேத் எதுவும் ஓடவில்லை, நீ பட்டறை வாசலில் நின்று கூப்பிட்டாலே அவருக்குக் கேட்கும்.

அம்மா